திருக்கை அடித்த மூன்றாம் நாள்

எனக்கு நீந்தத் தெரியாது. படகில் ஏறும் முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. பெண்கள் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்து எனக்கு இரண்டாவது வருடம். துறையில் எனக்கு மூத்தவரான ஆசிரியை ஒருவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "பழவேற்காடு ஏரியில நாலு நாள் படகுல சுத்திப் பறவைக் கணக்கெடுக்கப் போறேன், கூட வர்றியா?" என்று அவர் கேட்டதும் தலையாட்டிவிட்டேன். திருவள்ளூரில் கோயில் கைங்கர்யமே கதியாக இருந்த அப்பாவிடம், "காலேஜ் டூர்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். கோயில் குளத்தில்கூட மூன்றாவது படிக்குக் கீழே நான் இறங்கியதில்லை.

மீஞ்சூரில் ரயிலை விட்டு இறங்கி, ஜட்கா பிடித்து, ஏரிக்குப் போகும் கால்வாயின் கரைக்குப் போனோம். படகுக்காரர் அங்கே காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், ஏரிக்குள் இருக்கும் தீவுக் குப்பம் ஒன்றுதான் அவர் ஊர். படகைப் பார்த்ததுமே ஓர் அடி பின்வாங்கினேன். அவ்வளவு ஒடுக்கம். மூன்று பேரும் ஏறி உட்கார்ந்தபோது, விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்கூட இல்லை.

முதல் நாள் முழுக்கக் கால்வாய். இரண்டு பக்கமும் கரை தெரிந்ததால் ஒருவாறு சமாளித்தேன். மறுநாள் ஏரிக்குள் நுழைந்ததும் கரை காணாமல் போனது. அக்கா பைனாகுலரை எடுத்துக்கொண்டு கூழைக்கடா, ஆலா, உள்ளான் என்று சொல்லச் சொல்ல, நான் நோட்டில் எழுத வேண்டும். இடது கை விளிம்பை விடவில்லை. அந்தக் கையை உரசுவதுபோல் ஒரு பாம்பு நீந்திப் போனது. நான் போட்ட கூச்சலில் அக்கா எண்ணிக்கொண்டிருந்த கூட்டம் முழுக்க எழும்பிப் பறந்துவிட்டது.

படகுக்காரர் சிரித்தார். "இன்னாத்துக்கு டீச்சரம்மா பயப்படற? இடுப்பு மட்டும்தான் தண்ணி. உய்ந்தா எய்ந்து நின்னுக்கோ."

"அப்ப இங்க பயமே கிடையாதா?"

"மொகத்துவாரத்தாண்டதான் பயம். தண்ணி எறங்க சொல்ல, படகு, ஆளு எல்லாத்தியும் கடலுக்கு இஸ்துகினு பூடும். நான் அங்க உட மாட்டேன்."

அன்று ராத்திரி அவருடைய குப்பத்துப் பள்ளிக்கூட அறையில் தங்கினோம். கண்ணை மூடினால் தரை ஆடியது.

மூன்றாம் நாள் காலையில் தெற்கே ஒரு மணல் திட்டில் பூநாரைகள் இறங்கியிருப்பதாகக் குப்பத்தில் சொன்னார்கள். தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. அதை நோக்கிப் போகையில் படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. படகுக்காரர் ஊன்றித் தள்ளும் கழியை உள்ளே போட்டுவிட்டு இறங்கித் தள்ளினார். படகு நகர்ந்தது. அடுத்த கணம் அவர் அலறினார். அப்படி ஓர் அலறலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

"திருக்கைம்மா... திருக்கை அட்ச்சிட்ச்சி!"

இருவருமாக அவரைப் படகுக்குள் இழுத்துப் போட்டோம். படகு சாய்ந்து, தண்ணீரும் கூடவே ஏறியது. கணுக்காலுக்கு மேல் அந்த மீனின் வாலிலுள்ள விஷமுள் கிழித்து ரத்தம் கொட்டியது. அக்கா துண்டைச் சுருட்டிக் காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். படகுக்காரருக்கு உடம்பெல்லாம் வியர்த்து, பல் கிட்டியது. முகம் சாம்பல் பூத்துவிட்டது. செத்துவிடுவார் என்று நினைத்தேன். அதைவிட, இவர் இல்லாமல் நாங்கள் எப்படித் திரும்புவோம் என்றும் நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

மணல் திட்டு மெல்ல விலகிப் போவதை அவர்தான் முதலில் கவனித்தார்.

"தண்ணி எறங்குது. மொகத்துவாரம் பக்கம் இஸ்துகினு போவுது. கழிய எடு டீச்சரம்மா."

அக்கா கையை எடுத்தால் ரத்தம் பீறிட்டது. மீதி நான் ஒருத்திதான். எழுந்து நின்றேன். கழியை ஊன்றித் தள்ளியதும் அது சேற்றில் புதைந்து, என்னையும் சேர்த்து இழுத்தது.

"இஸ்காத! முறுக்கி உருவு!"

முறுக்கி உருவினேன். மறுபடி ஊன்றினேன். எத்தனை முறை என்று தெரியாது. உள்ளங்கை தோல் உரிந்து கழி வழுக்கியது. கடலின் இரைச்சல் கேட்கத் தொடங்கியிருந்தது. அப்புறம் ஒருமுறை ஊன்றியபோது கழிக்கு அடியே தட்டவில்லை. கை முழங்கை வரை தண்ணீருக்குள் போயும் தரை இல்லை.

"அடி இல்லை! அடியே இல்லை!"

"உக்காரு! கழிய உள்ள போடு. பலகைய எடுத்து ரெண்டு பேரும் வலிங்க. அதோ தண்ணில நட்டு வலை கட்ன கொம்பு தெரியுது பாரு, அத்தையே பாத்துக்கினு வலி."

அக்கா காயத்தை அழுத்தும் வேலையைப் படகுக்காரரிடமே விட்டுவிட்டு வந்தார். உட்காரும் பலகைகளைப் பிடுங்கி ஆளுக்கொரு பக்கம் துழாவினோம். படகு பக்கவாட்டில் கடலை நோக்கிப் போனது. கொஞ்சம் கொம்பை நோக்கியும் போனது. அக்கா ஜபம் சொல்வது காதில் விழுந்தது. எனக்கு ஒரு சாமி பெயரும் வாயில் வரவில்லை. கொம்பு கைக்கெட்டியதும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சிப்பி ஒட்டிய கொம்பு, முகத்தைக் கீறியது. விடவில்லை. அக்கா முந்தானையை வீசிக் கத்தினார். வெகுநேரம் கழித்துத்தான் இறால் பிடிக்கும் படகு ஒன்று வந்து எங்களைக் கட்டி இழுத்துப் போனது.

குப்பத்தில் பெண்கள் அண்டாவில் வெந்நீர் வைத்து, சூடு பொறுக்கும் அளவுக்கு விளாவி, படகுக்காரருடைய காலை அதில் முக்கினார்கள். ஒரு மணி நேரத்தில் முனகல் அடங்கியது. அவருடைய மனைவி என்னிடம் வந்து கையை விரிக்கச் சொல்லித் தேங்காய் எண்ணெய் தடவினார். "நடுங்கிகினே கீறியே கண்ணு, சுடுகஞ்சி குடி," என்றார். என்னால் குவளையைப் பிடிக்க முடியாததால், அவரே என் வாயில் வைத்தார்.

நான்காம் நாள் கணக்கெடுக்கவில்லை. வேறொரு படகில் கரைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் திரும்பினோம். வீட்டில் முகத்துக் கீறலைப் பற்றி அம்மா கேட்டதற்கு முள்செடி என்றேன்.

அக்கா மூன்று மாதம் கழித்துப் போய்ப் படகுக்காரரைப் பார்த்துவிட்டு வந்தார். காயம் ஆறிவிட்டதாம், கால் மட்டும் கொஞ்சம் இழுக்கிறதாம், மறுபடி தொழிலுக்குப் போகிறாராம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. போவதானால் படகில்தான் போக வேண்டும்.