ரங்கனுக்காக ஒலித்த மறுமொழி

ஆலிலையில் கண்வளரும் பெருமானே, உன் திருவடி சரணம்.

இன்று ஆடிப்பூரம். திருவில்லிபுத்தூர்த் தேர்வீதியில் நாடகக்காரர் ஒருவர் முகத்தில் முத்துவெள்ளை பூசிக்கொண்டிருந்தார். அந்த வாசனை என்னை யுத்தகால ராஜபாளையத்துக்கு, என் ஏழாம் வயதுக்கு இழுத்துச் சென்றது.

புதையல் தேடிக் காட்டில் மடியும் வெள்ளைக்காரத் துரையைப் பற்றிய ஆங்கில நாவலொன்றை என் தந்தை அப்போது தமிழ் நாடகமாக்கினார். துரை, பர்மாவுக்குப் போன நம்மூர்ச் சிப்பாயானான். பாசத்தால் அவனுக்குத் தம் தம்பியின் பெயரையே சூட்டினார்: ரங்கன். மெய்யான ரங்கன் சித்தப்பாவும் பர்மாவில்தான் இருந்தார். எட்டு மாதமாகக் கடிதமில்லை.

சித்தி பதறினாள். “உசுரோட இருக்கவுக பேரைச் சொல்லி ஒப்பாரி வைக்கலாமா அத்தான்? பேரை மாத்துங்க.”

“நாடகந்தானம்மா. நோட்டீஸ் அடிச்சாச்சு,” என்றார் தந்தை.

அரங்கேற்றத்தன்று, பெண்வேடமிட்டவர் வெற்றுப் பாடையின்மேல் விழுந்து, “ரங்கா!” என்று அலறினார். சபை விம்மியது. சித்தி மட்டும் எழுந்து நின்றாள்.

“இருக்காக! இந்தா, வாரேன்னு சொல்லுதாக!”

மேடையில் அழுதவர் ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பாடையிலிருந்து எழுந்துகொண்டார்.

யுத்தம் முடிந்து, எலும்புருவாய்ச் சித்தப்பா திரும்பினார். நாடகத்தைப் பற்றி அவரிடம் எவரும் வாய்திறக்கவில்லை. முதல் சோற்றுருண்டையைக் கையில் ஏந்தியபடி அவரே சித்தியிடம் கேட்டார்:

“காய்ச்சல்ல காட்டுக்குள்ள விழுந்து கெடந்தேன். யாரோ எம்பேரைச் சொல்லி அழுதாக. அந்தக் கொரலுக்கு வாரேன்னு சொல்லிப் போயிரலாம்னு கண்ணை மூடினேன். அதுக்குள்ள ஒன் கொரல் கேட்டுச்சு. நீ ஏன்ட்டி எனக்கு முந்தி வாரேன்னு சொன்ன?”

தேர்வீதியில் நாடகமணி அடித்துவிட்டது. இதை வாசிக்கும் ஒவ்வொருவர் பெயருக்கும் மறுமொழி சொல்ல ஒரு குரலைப் பெருமான் அருள்வானாக.