ஆயுத பூசையன்று இழுத்த சரிகை

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அப்படியொரு ஆவணி அமாவாசையில்தான் பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைக்காரர் கண் திறக்காத இரண்டு பூனைக்குட்டிகளைக் கூடையில் கொண்டுவந்தார். எலிக்கு வைத்த பாஷாணச் சோற்றைத் தின்று தாய்ப்பூனை செத்திருந்தது. பட்டை எலி கடிக்காமலிருக்க அவருக்குப் பூனை வேண்டும்; வளர்க்கத்தான் ஆளில்லை. விஜயதசமிக்கு வந்து சாம்பல்நிறக் குட்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கறுப்புக் குட்டி என் அண்ணிக்கு என்று பேச்சு.

அண்ணிக்குக் குழந்தையில்லை. துணித்திரியைப் பாலில் நனைத்துக் குட்டிகளின் வாயில் வைப்பார். வெற்றிலை மடித்துக்கொண்டே அண்ணன் என்னிடம், அண்ணியின் காதில் விழும்படி சொல்வார்:

"பெத்தவ கூட இப்படிப் பாத்துக்க மாட்டா. இவளுக்கு வேற இன்னா வேலை இருக்குது?"

அண்ணி அடுத்த திரியை நனைப்பார். மகாளய அமாவாசைக்குள் குட்டிகள் தறிக்குழியில் இறங்கி ஏறக் கற்றுக்கொண்டன. கறுப்புக் குட்டி அண்ணியின் குரலுக்கு மட்டும் ஓடிவரும்.

ஆயுத பூசைக்கு முதல் நாள் தறியைத் துடைத்து, நூல், சரிகைத் துண்டுகளை மூலையில் கூட்டி வைத்திருந்தோம். மறுநாள் ஊடை நூல் ஓட்டும் நாடா, கத்தரி, அரிவாள்மனை எல்லாம் பொட்டு வைத்துப் பூசையில் இருந்தன. விஜயதசமி காலைவரை எதையும் தொடக் கூடாது. மதியம் பார்த்தால் கறுப்புக் குட்டி ஓங்கரித்துக்கொண்டிருந்தது. வாயோரத்தில் சரிகை தொங்கியது.

"கத்தரிச்சி விட்டுடலாங்க. மீதி தானா போயிடும்" என்றார் அண்ணி.

"பூசையில வெச்ச கத்தரிய பூனைக்கு எடுக்கச் சொல்றியா?"

"பல்லால கடிச்சி வுடறேன்."

"சரிகைய அறுக்கக் கூடாதுடி. தள்ளு."

சிக்கிய இழையை அறாமல் உருவுவதில் அண்ணனுக்குத் தெருவில் நல்ல பெயர். குட்டியை முழங்காலுக்கிடையில் இடுக்கி, தறியில் இழுப்பதுபோலவே நிதானமாக இழுத்தார். குட்டி கத்தியது, பிறகு கத்தவில்லை. ஒரு முழத்துக்கு மேல் வந்தது. கடைசிப் பகுதி சிவந்திருந்தது. அண்ணன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பாரு, எங்கனா அறுந்துதா?"

விழுங்கிய நூலின்மேல் குடல் சுருங்கி நிற்கும், இழுத்தால் குடலையே அறுத்துவிடும் என்று பல ஆண்டுகளுக்குப் பின் கால்நடை வைத்திய நூலொன்றில் படித்தேன். அன்று எங்களில் யாருக்கும் அது தெரியாது. அண்ணன் சரிகையைக் கழுவிக் காயவைத்தார். அண்ணி பால் திரியை வாயில் வைத்துக்கொண்டே இருந்தார். பால் இரு பக்கமும் வழிந்தது. விஜயதசமி விடிவதற்குள் குட்டி விறைத்துவிட்டது.

"உன் வயித்துல பொறந்தாப்ல அழுவுறியே" என்றார் அண்ணன். எழுந்து, கத்தரியின் பொட்டைத் துடைத்துத் தறியில் உட்கார்ந்தார்.

பத்து மணிக்கெல்லாம் கடைக்காரர் வந்தார். நடந்ததை நான்தான் சொன்னேன். நல்ல மனிதர், கொண்டுவந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தார்.

"நான் வேற பூனை பாத்துக்கறேம்மா. இந்தக் குட்டிய நீயே வெச்சுக்க."

அண்ணி சாம்பல்நிறக் குட்டியைத் தூக்கி அவர் கூடையில் விட்டு, மேலே துணியை இழுத்து மூடினார்.

"எடுத்துக்கினு போயிடுங்க. இங்க இழுக்கறதுக்கு ஆளு இருக்குது."

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.