நாய்க்கு முன்னால் குடித்த தண்ணீர்

புளியந்தீவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்பகுதியில் வீட்டுக்காரம்மா இருக்கிறார். அவருடைய கணவர் படுத்த படுக்கை. பின்பகுதியில் நான், மனைவி, எங்கள் நாய். நாங்கள் இருவரும் வேலைக்குக் கிளம்பிப் வாசல் படலையைச் சாத்தினால் போதும், நாய் ஊளையிடத் தொடங்கிவிடும். திரும்பி வரும்வரை ஓயாது. செருப்பைக் குதறுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நோயாளி கிடக்கும் வீட்டு வளவில் நாய் ஊளையிட்டால் யமன் வாசலுக்கு வந்துவிட்டான் என்றுதான் இங்கே அர்த்தம்.

வீட்டுக்காரம்மா சண்டை பிடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்டில் நாயை அனுப்புங்க, இல்லாட்டி வேற வீடு பாருங்க தம்பி. அவர் கேட்டுக்கொண்டு கிடக்கார்" என்றார். மனைவியின் மாமா தன் வயல் வட்டையில் காவலுக்கு ஒரு நாய் தேடிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு கயிற்றோடு வருவதாகச் சொல்லிவிட்டார்.

மிருக வைத்தியர் ஒரு பயிற்சி சொன்னார். கொஞ்சாமல், சொல்லிக்கொள்ளாமல் வெளியே போக வேண்டும். ஊளையிடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். பிறகு மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்ட வேண்டும். வெகு சுலபம் என்றார். அவருக்கு என் மனைவியைத் தெரியாது.

மனைவி விஞ்ஞான ஆசிரியை. ஆனால் புறப்பட்டவர் பாதியில் திரும்பினால், உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் மறுபடி இறங்கலாம் என்ற விஷயத்தில் அவளிடம் விஞ்ஞானம் எடுபடாது. சனிக்கிழமை பயிற்சியைத் தொடங்கினோம். படலை வரை போனோம், திரும்பினோம், குடித்தோம். சந்தி வரை போனோம், திரும்பினோம், குடித்தோம். மத்தியானத்துக்குள் இருவர் வயிறும் தளும்பியது. மிச்சப் பயிற்சி கக்கூசில் கழிந்தது.

திங்கட்கிழமை ஒரேயடியாகக் கிளம்பினோம். படலையைத் தொடுமுன்பே ஊளை. ஓடி வந்து, முறைப்படி உட்கார்ந்து குடித்தோம். நாய் எங்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி மிடறு இறங்கியதும் பெருமூச்சு விட்டுச் சாக்கில் சுருண்டு படுத்துவிட்டது. தண்ணீர் குடித்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று அது எப்படியோ படித்துவிட்டது. வைத்தியரிடம் இதைச் சொல்லும் துணிவு எங்களுக்கு வரவில்லை.

அதன் பிறகு தினமும் குடித்துவிட்டே கிளம்பினோம். வீட்டுக்காரம்மா சுவரில் காதை வைத்துக் கேட்டும் ஒரு முனகல்கூட இல்லையாம். தண்ணீர் விஷயத்தை அவருக்கும் சொன்னோம். ஞாயிறு வந்த மாமா மீன்குழம்போடு வயிறாரச் சாப்பிட்டு, வெறுங்கயிற்றோடு போனார்.

சில மாதம் கழித்து ஒரு காலை வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் கூடிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோவில் ஏற்றினோம். கூட ஏறப்போன வீட்டுக்காரம்மா திடீரென்று உள்ளே ஓடி, ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து அவருக்குக் குடிக்கக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நாய் படுத்திட்டா?"

எங்கள் வாசலைப் பார்த்தேன். சாக்கில் சுருண்டு கிடந்தது.

"ஓம் அம்மா, படுத்திட்டு."

"அப்ப வந்திருவார்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

ஆட்டோ திரும்பும்வரை நின்று பார்த்தேன். உள்ளே போய் நானும் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன்.