அடிக்காத பள்ளி

பாரிவாக்கம் பக்கம் ஒரு தனியார் பள்ளியைப் பார்க்க மகனோடு போயிருந்தேன். எங்களுக்கு முன்னால் கம்பெனி யூனிஃபார்மில் ஒருவர், சின்ன மகளோடு நின்றிருந்தார். ஆயில் கறை படிந்த பெரிய கைகள். ஓயாமல் சொடக்கு எடுத்துக்கொண்டிருந்தார். அட்மிஷன் மேஜையில் இருந்த டீச்சரிடம் ஃபீஸ், வேன் எதையும் அவர் விசாரிக்கவில்லை.

“இன்னா மிஸ், இங்க நல்லா அடிப்பீங்களா?”

“அடிக்கவே மாட்டோம் சார்.”

“அடிக்காம எப்டி படிப்பு ஏறும்? கண்ண மட்டும் உட்டுட்டுத் தோல உரிங்க. நான் இன்னான்னு கேக்க மாட்டேன்.”

டீச்சர் மறுத்துத் தலையாட்டினார்.

“இப்டித்தான் மிஸ்,” என்று மகள் கன்னத்தில் ஓங்கி அறைந்து காட்டினார். கை உயரும்போதே அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அழவில்லை.

“இந்த ஸ்கூல் சரிப்படாது, வாடி.”

என் மகனை அங்கேயே சேர்த்தேன். இந்தப் பக்கத்தில் அவர் கேட்ட மாதிரிப் பள்ளிக்குப் பஞ்சமில்லை.