வேணி சொன்ன சாட்சி

திருமானூர்ப் பக்கம் கரும்புக் கொல்லைகளில் களையெடுத்துப் பிழைப்பவள் வேணி. ஏழு வருஷத்துக்கு முன்பு, பொழுது சாய்ந்த நேரம், புல்லுக்கட்டோடு திரும்பியவள், செல்லதுரையின் மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு ஆள் ஓடிக் கரும்புக்குள் நுழைவதைப் பார்த்தாள். முதுகுதான் தெரிந்தது. கொட்டகைக்குள் செல்லதுரை வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்தார்.

தண்ணீர் பாய்ச்சுவதில் அவருக்கும் பக்கத்து நிலத்து இளையபெருமாளுக்கும் தகராறு என்பது ஊரறிந்த சங்கதி. விசாரிக்க வந்த போலீஸ்காரர், “ஓடுனது இளையபெருமாள்தான?” என்று கேட்டார்.

“அவரு மாதிரிதாங்க இருந்துச்சு.”

எழுதிய காகிதத்தில் ‘மாதிரி’ இல்லை. வேணிக்கு வாசிக்கத் தெரியாது. கோர்ட்டில் கூண்டேறினாள். “மூஞ்சியே பாக்காம புளுகுறியா?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் அதட்டினார். பொய்க்காரி என்று பிடித்துக்கொள்வார்களோ என்ற பயத்தில், “பாத்தேங்க” என்றாள். அப்புறம் எத்தனை தடவை கேட்டும் அதையே சொன்னாள். இளையபெருமாளுக்கு ஆயுள் தண்டனை விழுந்தது.

அவன் மனைவி பரிமளா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வேணி இருந்த கூட்டத்தோடேயே களையெடுக்க வந்தாள். ஒரு வார்த்தை ஏசவில்லை. குனிந்த தலை நிமிராமல் வேலை பார்ப்பாள், அவ்வளவுதான். மூன்று வருஷம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த வேணி, ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவளிடம் சொல்லிவிட்டாள். “மூஞ்சிய நான் பாக்கல பரிமளா.”

பரிமளா தூக்குவாளியை மூடினாள். “இத என்கிட்ட சொல்லி என்னக்கா பண்றது? வக்கீலுகிட்ட வந்து சொல்லு.”

அப்பீலைக் கவனித்துவந்த வக்கீல் அறிவரசனின் ஆபீஸ் அரியலூரில் இருந்தது. அவர் முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

“மேல்கோர்ட்டுல பொதுவா சாட்சியத் திரும்பக் கூப்புட மாட்டாங்கம்மா. அன்னிக்கு நீங்க சொன்னது டைப் அடிச்சு இருக்கு. அத வாசிச்சுதான் தண்டனையத் தாங்குமான்னு எடை போடுவாங்க. இப்ப மாத்திச் சொன்னா, ஒண்ணா வேலை பாக்குறவங்க பேசி வச்சுகிட்டாங்கன்னு நெனைப்பாங்க.”

ஆனாலும் மனு எழுதினார். வேணி கைநாட்டு வைத்தாள்.

பத்து மாதம் கழித்து மனுவும் அப்பீலும் ஒன்றாகத் தள்ளுபடியாயின. தீர்ப்பை அறிவரசன் தமிழில் வாசித்துக் காட்டினார். “‘இந்தச் சாட்சி படிப்பறிவில்லாத கூலிப்பெண். பொய் சொல்ல இவருக்கு எந்தக் காரணமும் இல்லை. குறுக்கு விசாரணையிலும் உறுதியாக நின்றிருக்கிறார். இவர் சாட்சி சொன்னதை நேரில் பார்த்த விசாரணை நீதிபதி இவரை நம்பியதில் தவறு காண முடியவில்லை.’”

வாழ்நாளில் யாரும் வேணியைப் பற்றி அவ்வளவு உயர்வாகப் பேசியதில்லை.

“டெல்லிக்குப் போலாமா சார்?” என்று பரிமளா கேட்டாள்.

“போலாம். ஆனா ரெண்டு கோர்ட்டு ஒரே மாதிரி சொன்னப்புறம், அங்க சாட்சிய மறுபடி கிளற மாட்டாங்கம்மா. ரொம்பப் பெரிய தப்பு கண்ணுல பட்டாதான்.”

அடுத்த மாதம் வேணி தனியாகத் திருச்சி ஜெயிலுக்குப் போனாள். கம்பிக்கு அப்பால் வந்து நின்ற இளையபெருமாளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது.

“முதுகுதான் பாத்தேன் தம்பி,” என்றாள்.

“தெரியும்க்கா. நான் அந்தப் பக்கமே வரல.” அவன் குரலில் கோபம் இல்லை. “ஆனா நீ கூண்டுல நின்னு சொன்னத கேட்டப்ப, ஒருவேள நான்தான் ஓடுனேனோன்னு எனக்கே தோணிச்சு.”

பார்வை நேரம் இன்னும் மிச்சமிருந்தது. அவன் திரும்பி உள்ளே போய்விட்டான்.