தட்டில் வைத்த மாத்திரை

ஜாய்ஸ் சிஸ்டரை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு தாடையாக. செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், வீடியோ அழைப்பில் இருந்த கைப்பேசியைக் கட்டில் மேல் அப்படியே மல்லாத்திப் போட்டுவிட்டு என் தங்கை பிரபா சண்டைக்குப் போய்விட்டாள். மஸ்கட்டில் அலுவலக மாடிப்படியில் நின்றுகொண்டிருந்த எனக்குத் தெரிந்தது ஒரு மின்விசிறி, வெள்ளைக் கோட்டின் ஓரம், அதற்கு மேலே ஒரு தாடை. அந்தத் தாடை சொன்னது:

“இன்னிக்கு டிஸ்சார்ஜ் வேணாம்மா. டியூட்டி டாக்டர் ஒரு தடவ பாத்துடட்டும்.”

“பெரிய டாக்டர் காலையில பாத்துட்டுதானே கையெழுத்து போட்டாரு? வண்டி வந்துகினு கீது சிஸ்டர். நாளைக்கு செவ்வாக்கெழம. செவ்வாயில எவனாச்சும் ஆஸ்பத்திரிலேர்ந்து வூட்டுக்குப் போவானா?”

நானும் கைப்பேசிக்குள்ளிருந்து கத்தினேன். ஒரு நாள் கூடுதலாக வைத்துப் பில்லை ஏற்றுகிற வித்தையெல்லாம் எனக்குத் தெரியும் என்றேன். மேலாளர் நம்பரைக் கேட்டேன். அந்தத் தாடை குனிந்தது, கைப்பேசி நிமிர்ந்தது, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு முகம் நேராக என்னைப் பார்த்தது.

“சார், உங்க அப்பா கோவக்காரரா?”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“அதான் எனக்கும் தெரியல சார்,” என்றார்.

என் அப்பா திருவேங்கடம். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் நிலம், ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு லோடு வண்டிகள், எழுபத்தோரு வயது, ரத்தக் கொதிப்பு. மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் கால் இடறி விழுந்ததில் இடது மணிக்கட்டு உடைந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். நான்காம் நாள் திங்கட்கிழமை. காலை ஒன்பதுக்கு ராகு காலம் முடிந்ததும் கிளம்புவது என்று நான்தான் முடிவு செய்திருந்தேன். எல்லாவற்றையும் நான்தான் முடிவு செய்துகொண்டிருந்தேன். ‘அப்பா ஹெல்த்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் நானும் பிரபாவும் மட்டும்.

அந்தத் திங்கட்கிழமை காலை நடந்ததை ஜாய்ஸ் எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னார். நான் விடுப்பில் வந்து, அப்பாவை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தபோது, மருத்துவமனை கேன்டீனில். முதலில் சொல்ல விரும்பவில்லை. “உட்டுடுங்க சார், நல்லாயிட்டாருல்ல,” என்று இரண்டு முறை எழுந்தார். பிறகு டீ ஆறும்வரை சொன்னார்.

அவர் வீடு ஊரப்பாக்கத்தில். காலை ஆறு மணி மின்சார ரயிலில் செங்கல்பட்டு வந்து, ஏழு மணிக்கு இரவுப் பணிக்காரர்களிடமிருந்து வார்டைக் கையில் வாங்குவார். பிறந்தது எங்கள் ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டரில் இருக்கும் ஒரு காலனியில். அம்மா செல்லம்மா நடவுக்கும் களை எடுக்கவும் போனவர். எங்கள் வயலுக்கும் வந்திருக்கலாம். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மிஷன் பள்ளிக்கூடம், நர்சிங் படிப்பு, பன்னிரண்டு வருடப் பணி, போன வருடத்திலிருந்து அந்த மாடிக்குப் பொறுப்பாளர்.

பொறுப்பாளர் பதவிக்குக் கூடவே ஒரு மெமோவும் இருந்தது. ஜனவரியில் ஒரு பெண்ணின் முகம் சரியில்லை என்று டிஸ்சார்ஜை நிறுத்தியிருக்கிறார். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணின் உறவுக்காரர்கள் வரவேற்பறையில் நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். மேலாளர் பக்தவத்சலம், ‘ஆதாரமற்ற ஊகத்தின் பேரில்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இன்னொரு முறை இப்படி நடந்தால் பொறுப்பு போய்விடும், பழையபடி இரவுப் பணிதான். வீட்டில் ஐந்து வயது மகள். அதனால் அந்தத் திங்கட்கிழமை ஊகிக்கவே கூடாது என்ற முடிவோடுதான் அவர் வார்டுக்குள் வந்திருக்கிறார்.

“உங்க அப்பா வந்த அன்னிக்கே கேட்டாரு சார். எந்த ஊருன்னு. சொன்னேன். ஊர்ல எந்தப் பக்கம்னு கேட்டாரு. அதையும் சொன்னேன்.” டீயைச் சுற்றிவிட்டார். “அதுக்கப்புறம் மாத்திரைய நீட்டினா வாங்க மாட்டாரு. ‘ஏய், தட்டுல வையி’ம்பாரு. ட்ரேல வெச்சுட்டு நான் ரெண்டடி பின்னால போவணும். அப்புறம் எடுத்துப்பாரு. மூணு நாளும் அப்படித்தான். காலையில ரெண்டு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி மூணு.”

 தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். தெரியாதா? தெரியும்தான். தெரிந்த ஒன்றை இருபது வருடத்துக்கு முன்னால் ஊரிலேயே வைத்துவிட்டுப் போனதுபோல் ஒரு நினைப்பு.

“திங்கக்கெழம காலையில ட்ரேய கீழ வைக்கப் போறேன். அவரு கைய நீட்டினாரு சார். வலது கை. இப்படி.” உள்ளங்கையை விரித்துக் காட்டினார். “வெச்சேன். என் வெரல் அவரு கையில பட்டுச்சு. அவரு பாத்தாரு, சிரிச்சாரு, போட்டுக்கினாரு. ‘நல்லா இரும்மா’ன்னாரு. உங்க தங்கச்சிக்கு ஒரே சந்தோசம். ‘பாருங்க சிஸ்டர், எங்கப்பா உங்ககிட்ட மரியாத கத்துகினாரு’ன்னாங்க.”

சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவர் ஜாய்ஸ்தான். ஆனால் அவர் ட்ரேயை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி சோதிக்க ஆரம்பித்திருக்கிறார். ரத்த அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. நாடி, மூச்சு, காய்ச்சல், சர்க்கரை, ஆக்சிஜன், எல்லாம் சரி. பெயரைக் கேட்டார், சொன்னார். இது எந்த இடம்; ஆஸ்பத்திரி. இன்றைக்கு என்ன கிழமை. திங்கட்கிழமை, சீக்கிரம் அனுப்பும்மா. கை வலிக்கிறதா, இல்லை. காபி வேண்டுமா, சரி. காபி வேண்டாமா, அதுவும் சரி.

“அந்த ரெண்டாவது சரிதான் சார் எனக்கு இடிச்சுது. ஆனா அதயும் சார்ட்ல எழுத முடியாது.”

“அப்போ ஏன் நிறுத்தினீங்க?”

“நிறுத்தலாமா வேணாமான்னு கால் மணி நேரம் அந்த லிப்ட்கிட்டயே நின்னேன். இன்னொண்ணு சொல்லட்டா? ஒருவேள மனுசன் நெஜமாவே மாறிட்டாரோன்னும் தோணுச்சு. நாலு நாளா மொகம் கழுவி உடறோம், பாத்ரூம் கூட்டிக்கினு போறோம். அதுல மனசு எளகிட்டாரோ? அப்படி இருந்துச்சுன்னா, ஒருத்தர் திருந்தினத நான் வியாதின்னு எழுதறேன். அது எவ்ளோ பெரிய பாவம்?” அவரே சிரித்தார். “ஆனா சார், யாரு கைய எப்படி நீட்டுவாங்கன்னு எனக்கு சின்ன வயசுலேர்ந்தே தெரியும். அதுக்கு நர்சிங் படிக்க வேண்டியதில்ல. நாலு நாள்ல யாரும் மாற மாட்டாங்க.”

டியூட்டி டாக்டர் கலைவாணன் கீழே அவசரப் பிரிவில் இருந்தார். சின்ன வயது, எப்போதும் பாதி இட்லியோடு ஓடுகிறவர். ஜாய்ஸ் போனில் அழைத்தார்.

“சார், பன்னண்டாம் நம்பர் பேஷண்ட் நேத்து மாதிரி இல்ல.”

“பிபி?”

சொன்னார்.

“ஓரியண்டடா இருக்காரா? பேர், இடம், கெழமையெல்லாம் சரியா சொல்றாரா?”

“இருக்காரு சார்.”

“அப்புறம் என்ன சிஸ்டர்? ஜனவரி மெமோ மறந்துடுச்சா? எனக்கும் சேத்து வாங்கிக் குடுக்கப் போறீங்களா?”

இந்த இடத்தில்தான் அவர் சொல்ல வேண்டியிருந்தது.  பக்கத்தில் இரண்டு நர்சுகள், எதிரே பிரபா. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாராம்: “சார், மூணு நாளா என் கையால மாத்திர வாங்காதவரு இன்னிக்கு வாங்கினாரு.”

 டாக்டர் கேட்டார்: “எந்த ஊரு பேஷண்ட்?”

ஜாய்ஸ் ஊரைச் சொன்னார்.

“ரத்தம் எடுத்துடுங்க. சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின். டிஸ்சார்ஜை நான் சொல்றவரைக்கும் புடிச்சு வைங்க. நான் வரேன்.”

அப்போதுதான் பிரபா கைப்பேசியைக் கட்டிலில் போட்டது. நான் கத்தியது. வண்டி ஓட்டுநர் கீழே ஹாரன் அடித்தது. மேலாளர் மேலே ஏறி வந்து, “மறுபடியுமா சிஸ்டர்?” என்றது. முடிவு வர இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் டாக்டர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டார். அந்த இரண்டு மணி நேரமும் ஜாய்ஸ் அப்பாவின் கட்டிலருகே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, என்னிடமும் பிரபாவிடமும் மாறி மாறிக் கேள்வி கேட்டார். வீட்டில் என்ன சாப்பிடுவார்? எந்த மாத்திரை? எவ்வளவு தண்ணீர்? விழுவதற்கு முன்னால் நடை எப்படி?

தண்ணீர் என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. என் ஏற்பாட்டை ஒருவர் முறையாகக் கேட்டது அதுதான் முதல் முறை. ரத்தக் கொதிப்புக்கு உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்பதால் இரண்டு மாதமாக உப்பே இல்லை என்றேன். வெயில் காலம் என்பதால் ஒரு நாளைக்கு மூன்று பெரிய பாட்டில், பாட்டில் மேல் மார்க்கர் பேனாவால் மணி எழுதி, குடித்து முடித்த ஒவ்வொரு பாட்டிலையும் பிரபா படமெடுத்துக் குழுவில் போட வேண்டும் என்றேன். மருத்துவமனையிலும் அதை விடவில்லை. சாப்பாடும் வீட்டிலிருந்துதான், உப்பில்லாமல். நீர் பிரிகிற மாத்திரையையும் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.

ஜாய்ஸ் கட்டிலின் பக்கத்து மேசையில் இருந்த, ‘பகல் 12’ என்று எழுதிய பாட்டிலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பதினொன்றரை மணிக்கு அப்பா சலைன் கம்பத்தைப் பார்த்து, “டீசல் போட்டாச்சா?” என்று கேட்டார். பிரபா சிரித்தாள். பிறகு நிறுத்தினாள்.

பன்னிரண்டுக்கு முடிவு வந்தது. நூற்று முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டிய சோடியம் நூற்றுப் பதினேழு. சேர்ந்த அன்றைக்கே நூற்று முப்பதுதான் இருந்திருக்கிறது. தாளில் பக்கத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்கள், எலும்பு உடைந்த அவசரத்தில் அந்தக் கோட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய் மாலை பாட்டிலையும் குடித்திருந்தால் வலிப்பு வந்திருக்கலாம் என்றார் கலைவாணன். பேருந்து நிலையத்தில் கால் இடறியதற்குக்கூட அதுதான் காரணமாக இருக்கலாமாம்.

“தண்ணி குடிச்சா எப்படி டாக்டர் ஆபத்து வரும்?” என்று நான் போனில் கேட்டேன். விளக்கினார். மறுபடி கேட்டேன். மறுபடி விளக்கினார். நீர் மாத்திரை உப்பை வெளியேற்றுகிறது, நாம் உள்ளே உப்பு அனுப்பவில்லை, தண்ணீரை மட்டும் ஊற்றுகிறோம், அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடம்பு அந்தத் தண்ணீரையும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்படியானால் உடனே உப்பை ஏற்றுங்கள் என்றேன். வேகமாக ஏற்றினால் மூளைக்கு அதுவும் ஆபத்து, மெதுவாகத்தான் என்றார். குடித்தாலும் ஆபத்து, கொடுத்தாலும் ஆபத்து. நான் அலுவலக மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதமாக அப்பாவின் உடம்பைக் கடல் தாண்டி நிர்வாகம் செய்துகொண்டிருந்தேன். குழுவில் மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். காலி பாட்டில் படங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே என் கட்டைவிரல்.

மூன்று நாள் ஆனது. ஆறு மணி நேரத்துக்கொரு முறை ரத்தப் பரிசோதனை. நீர் மாத்திரை நிறுத்தம். தண்ணீருக்கு அளவு, அப்பா ஒரு வாய் தண்ணீருக்குக் கெஞ்சுகிற குரலை நான் போனில் கேட்டேன். ஜாய்ஸ் ஒவ்வொரு முறையும் ட்ரேயை வைக்காமல் கையில்தான் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். திங்கள் மாலை வாங்கினார். செவ்வாய் வாங்கினார். புதன் காலை யோசித்து வாங்கினார். சோடியம் நூற்று இருபத்தாறு.

வியாழக்கிழமை காலை அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஏய், தட்டுல வையி,” என்றார்.

“உங்களுக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“சந்தோசமா இருந்துச்சு சார்.” உடனே சொன்னார். பிறகு யோசித்தார். “சந்தோசம்னுதான் நெனக்கிறேன். ஓடிப் போயி கலைவாணன் சார்கிட்ட சொன்னேன், பேஷண்ட் பழையபடி ஆயிட்டாருன்னு. அவரும் சூப்பர் சிஸ்டர்னாரு. அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கினோம்.  ரிப்போர்ட் வந்துச்சு, நூத்து முப்பத்து மூணு. அப்பாடான்னு ஆயிடுச்சு, நம்பர் வந்துடுச்சுல்ல.”

சார்ட்டில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். ‘நோயாளியின் நடத்தை வழக்கமான நிலைக்குத் திரும்பியது’ என்று எழுதினாராம். மெமோ வரவில்லை, பாராட்டும் வரவில்லை.

கேன்டீனிலிருந்து மேலே போனோம். அப்பா நடைவழி நாற்காலியில் உட்கார்ந்து, வண்டி ஓட்டுநரைப் போனில் திட்டிக்கொண்டிருந்தார். குரல் நன்றாக இருந்தது. நல்ல ஆரோக்கியமான குரல். நான் மகிழ்ச்சியோடுதான் கேட்டேன், கேட்கக் கேட்கக் கூசியது. இந்தப் பெண்தான் உன்னைக் காப்பாற்றியது என்று சொல்ல நினைத்தேன். எதை வைத்துக் கண்டுபிடித்தாள் என்று கேட்பார். அதற்கு என்ன சொல்வது? அந்த மூன்று நாள் அப்பாதான் எனக்கு வேண்டிய அப்பா என்றும் தோன்றியது. அது நோய் என்று அடுத்த நொடியே தெரிந்தது.

ஜாய்ஸ் புதிய மாத்திரை அட்டையோடு வந்தார். அப்பா போனை இறக்கவில்லை. கண்ணாலேயே பக்கத்து நாற்காலியைக் காட்டினார், அங்கே வை என்று. ஜாய்ஸ் குனிந்தார். நான் நடுவில் புகுந்து கையை நீட்டினேன். உள்ளங்கையை விரித்து, கொஞ்சம் அதிகமாகவே விரித்து.

அவர் என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அட்டையை என் கையில் வைத்தார்.

“இன்னா சார்,” என்றார் தாழ்ந்த குரலில், “நீங்களும் கீழ போயி ஒரு ரத்தம் குடுத்து சோடியம் பாத்துட்டுப் போறீங்களா?”

சிரித்தேன். அவர் சிரித்தாரா என்று கவனிப்பதற்குள் பன்னிரண்டாம் நம்பரில் யாரோ மணி அடித்தார்கள், போய்விட்டார். அப்பா போனில் டீசல் கணக்கு கேட்டுக்கொண்டிருந்தார். என் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதில் இருந்த அட்டையை அப்பா எடுத்துக்கொண்டார்.