எருவோடு வந்த கன்னடச் சீட்டு

யாரிடமும் எதையும் கேட்க எனக்கு வாய் வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அங்கேயும் எழுந்து நின்று ஒரு சந்தேகம் கேட்டதில்லை. அந்தக் கூச்சம் இந்த வருஷம் என் கொத்தமல்லிப் பாத்தியில் வினையாக முடிந்தது.

கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு அரை ஏக்கர் நிலம். மாடுகளை விற்ற பிறகு சாணத்துக்குத் தட்டுப்பாடு. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் என் மகன் ஒரு வழி சொன்னான். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இடத்தில் அடியில் தங்கும் வண்டலைப் பக்குவம் செய்து, காயவைத்து, எருவாகத் தருகிறார்களாம்.

"நாத்தமடிக்குமேடா" என்றேன்.

"நீயே மோந்து பாரும்மா. உன் குப்பைக்குழிக்கு இது எவ்வளவோ தேவலை" என்று சிரித்தான்.

டிராக்டரில் வந்து இறங்கியது. கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. ஒரு கைப்பிடி அள்ளி மோந்தேன். நாற்றமே இல்லை. எங்கள் பக்கத்தில் எருவை மூக்கால்தான் சோதிப்போம். நாறவில்லை என்றால் மக்கிவிட்டது, பாத்திக்குப் போடலாம். வேறு சோதனை எனக்குத் தெரியாது.

டிரைவர் கன்னடக்காரர். ஒரு சீட்டை நீட்டி, "ஓதி நோடி அம்மா" என்றார். படித்துப் பாருங்கள் என்கிறார். சந்தையில் பழகிய கன்னடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஒரு எழுத்துப் படிக்க வராது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. படித்தவள் போல சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினேன். எருவைக் கொத்தமல்லிப் பாத்தியில் இறைத்தேன்.

கொத்தமல்லி கருகருவென்று வந்தது. முதல் அறுப்பை நாங்கள் விற்பதில்லை, வேண்டப்பட்ட வீட்டுக்குக் கொடுப்போம். நான் எப்போதும் கொடுப்பது, என் கீரையைச் சந்தைக்கு எடுத்துப்போகும் முஸ்லிம் வியாபாரி அம்மாவுக்கு. என்னைவிடச் சின்னவள். அவள் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"அவளுக்கு எதுவும் எறங்கலக்கா. பச்சைக் கொத்தமல்லித் தொவையல் மட்டும்தான் கேக்கறா" என்று சொல்லி இரண்டு கட்டாக வாங்கிப்போனாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் கேழ்வரகு விதைக்கு எழுதிக் கொடுக்க வேளாண்மை ஆபீசுக்குப் போனேன். மகன் சொன்னபடி இருக்கிற காகிதம் எல்லாவற்றையும் எடுத்துப் போயிருந்தேன். அங்கிருந்த அதிகாரிப் பெண் பாரத்தை நிரப்பிக்கொண்டே என்ன எரு போட்டேன் என்று கேட்டாள். சொன்னேன். பேனா நின்றுவிட்டது. கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்த வாட்ச்மேனைக் கூப்பிட்டுச் சீட்டைக் கொடுத்தாள்.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "மரத்துக்குப் போடலாம். சமைச்சுத் திங்கற தானியத்துக்குப் போடலாம். பச்சையாத் திங்கற கீரைக்கு ஆகாதுன்னு போட்டிருக்கு."



"இதை எங்க சோதிச்சாங்கன்னு இருக்குதா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அந்த எடம் காலியாக் கீதும்மா."

அவள் பாரத்தை என் பக்கம் திருப்பினாள். "பாருங்கம்மா. தொழுவுரம் இருக்குது, மண்புழு உரம் இருக்குது. இதுக்கு இடமே இல்ல. நான் சரின்னும் எழுத முடியாது, தப்புன்னும் எழுத முடியாது." அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டாள்.

மூட்டையில் பேர் போட்டு, எதற்குப் போடலாம் எதற்குக் கூடாது என்று தமிழிலும் எழுதி, பொறுப்புக்கு ஒரு கையெழுத்தும் வைத்து அனுப்பினால் என்னைப் போன்றவள் பிழைத்துப் போவாள். இது அன்றைக்குத் தோன்றவில்லை. அன்றைக்குத் துவையல் மட்டும்தான் கண்ணில் நின்றது. பஸ்ஸில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை.

வியாபாரி அம்மா வாசலிலேயே இருந்தாள். முதல் முறையாக நான் முந்திக்கொண்டு பேசினேன். "அந்தக் கொத்தமல்லியக் குடுக்காத."

"காலையிலயே அரைச்சுத் தின்னுட்டாளேக்கா. என்னா ஆச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். டிரைவர் முன்னால் தலையாட்டியதையும் மறைக்கவில்லை. கேட்கக் கேட்க அவள் முகம் இறுகியது. "படிக்கத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னாக்கா? அல்லா உனக்கு வாய எதுக்குக் குடுத்தான்?"

மீதிக் கொத்தமல்லிக் கட்டை அவளே குழி வெட்டிப் புதைத்தாள். மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, காய்ச்சலோ பேதியோ வந்தால் உடனே கொண்டுவாருங்கள் என்று டாக்டர் சொன்னார். மகள் என் கையைப் பிடித்து, "ருசியாத்தான் இருந்துச்சு பெரிம்மா" என்றாள். அது இன்னும் உறுத்துகிறது.

பாத்தியை உழுது போட்டாயிற்று. அடுத்த போகம் கேழ்வரகுதான். டிரைவர் மறுபடி ஒரு லோடு வேண்டுமா என்று போன் செய்தார். எங்கே சோதித்தார்கள் என்று எழுதி வாங்கி வா, எனக்குக் கன்னடம் படிக்க வராது, நீயே வாசித்துக் காட்டு என்றேன். இன்னும் வரவில்லை.

தினமும் காலையில் வியாபாரி அம்மாவுக்கு நானே போன் போடுகிறேன்.

"திங்கறா, தூங்கறா, உன்னத் திட்டறா. போதுமா?" என்றாள் நேற்று.

போதும் என்றேன். இன்றைக்கும் விடிந்ததும் போட்டேன்.